காலுக்குக் கீழே கேட்ட விமானம்

வழக்கமாக வளைவில் திரும்பும்போதே ஆரன் அடிக்கும் ஜீப்பு அன்று சத்தமில்லாமல் வந்து நின்றது. காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் போடிமெட்டுக்கு வரும் வண்டி அது. ஆட்கள் இறங்கி அவரவர் தோட்டத்துக்குப் பிரிந்துபோன பிறகும் டிரைவர் இறங்கவில்லை. மருந்துக் கட்டு ஏதாவது கொண்டுவந்திருப்பார் என்று நினைத்து நானே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"சிஸ்டர், பைலட்டு அண்ணே போயிட்டாக. நேத்து மதியம் சாப்பிட்டுப் படுத்தவுக எந்திரிக்கல."

தனபால் சாருக்கு இதய நோய் இருந்தது தெரியும். மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறாரா என்று நான்தான் போன வாரம்கூட ஆள் விட்டுக் கேட்டேன். இருந்தும் கொஞ்ச நேரம் அந்த ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தனபால் சாரை அறிந்தவர்கள் போடியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வயலும் தென்னந்தோப்பும் உள்ள விவசாயக் குடும்பத்தில் பிறந்து, விமானம் ஓட்டப் படித்து, ஊரே வாய்பிளந்து பார்க்க வெள்ளைச் சட்டையில் வந்துபோனவர் என்று உங்களுக்குத் தெரியும். கடைசிச் சில வருடங்களாக உடம்பு முடியாமல் ஊரோடு வந்துவிட்டார் என்பதும் தெரியும். இடையில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள், என்னமோ தப்பு நடந்ததாம் என்று பேசிக்கொண்டதும் எனக்குத் தெரியும். அந்தத் தப்பு என்ன என்பதை அவரே யாரிடமும் மறைத்ததில்லை. ஒன்றை மட்டும்தான் மறைத்தார். "நான் இருக்கிற வரைக்கும் அதைச் சொல்லாதீக சிஸ்டர். பெறகு உங்க இஷ்டம்" என்றார். அதனால் இதை இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். நான் போடிமெட்டுக்கு மேலே இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்சாக வந்து சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மேற்கிலிருந்து காற்று முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. மூடுபனியில் எதிரே இருக்கும் ஸ்டோர் கட்டிடம்கூடத் தெரியவில்லை. முற்பகல் வேளை. நான் ஒரு காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது.

விமானச் சத்தம் எனக்குப் புதிதல்ல. உச்சியில் எப்போதாவது ஒன்று போகும், முனகல் மாதிரி கேட்டு மறையும். இந்தச் சத்தம் உச்சியிலிருந்து வரவில்லை. எங்கள் காலுக்குக் கீழே, போடிப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. பள்ளத்துக்குள் யாரோ ஒரு பெரிய இயந்திரத்தை ஓடவிட்டு அதைக் கயிறு கட்டி மேலே இழுப்பது போல, சரிவோடு சரிவாக ஏறி வந்தது. அலமாரியில் மருந்துக் குப்பிகள் ஒன்றோடொன்று மோதின. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஆள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சத்தம் எங்கள் மட்டத்துக்கு வந்தது, ஒரு கணம் அலறியது, தலைக்கு மேலே போய்ப் பனிக்குள் அமுங்கியது.

வெளியே ஓடினேன். ஒன்றுமில்லை. ஏலச்செடிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தன. நிழல் மரங்களிலிருந்து பச்சை இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. பனிக்குள் மண்ணெண்ணெய் வாடை. அது வெகு நேரம் போகவில்லை.

அன்று மாலை போடிக்குப் போன ஜீப்பில் சொல்லி அனுப்பி விசாரித்தோம். எந்த விமானமும் விழவில்லை. மறுநாள் பேப்பரிலும் ஒன்றுமில்லை. மெட்டில் டீக்கடை வைத்திருந்த மலையாளத்துச் சேட்டன், இடி முழங்கியிருக்கும் என்றார். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். சில நாளில் எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பேச்சியம்மாவுக்கு மட்டும் சந்தேகம் வரவில்லை. அவள் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கும் பெண்களில் ஒருத்தி. சரிவின் விளிம்பில் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பாறை உண்டு. அன்று மழைக்குப் போர்த்தும் நீலப் பிளாஸ்டிக் கொங்காணியோடு அந்தப் பாறைமேல் நின்றிருக்கிறாள். கீழேயிருந்து பனி பிளந்து ஒரு விமானம் ஏறி வந்ததாம். அதன் முகக் கண்ணாடிக்குள் ஒரு ஆள் இவளைப் பார்த்தானாம். "கண்ணுக்குக் கண்ணு பாத்தாக" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பாறைப் பக்கம் காயெடுக்க மறுத்தாள். பிறகு சோறும் சரியாக இறங்கவில்லை.

மற்றவர்கள் சத்தம் கேட்டவர்கள்தான். இருந்தாலும் விமானத்துக்குள் முகம் பார்த்தேன் என்று ஒருத்தி சொன்னால் என்ன செய்வார்கள். மலைக் கருப்பு பிடித்துவிட்டது என்றார்கள். அவள் புருஷன் கருப்பையா நல்ல மனிதர். அவர் பயந்துபோய்க் கீழேயிருந்து பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டிவந்தார். உடுக்கை அடித்து, வேப்பிலையால் விளாசி, "நீ யாரு, சொல்லு" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் தன் பெயரையே சொல்லியிருக்கிறாள். உள்ளங்கையில் சூடம் ஏற்றியிருக்கிறார்கள். மறுநாள் அந்தக் கைக்கு மருந்து போட்டவள் நான். "நெசமாத்தான் பாத்தேன் சிஸ்டரு. நீங்களாச்சும் நம்புறீகளா" என்று கேட்டாள். நம்புகிறேன் என்று சொன்னேன். உள்ளூர எனக்கு உறுதியில்லை. அடுத்த அமாவாசைக்கு மறுபடி கோடாங்கி வருவதாக இருந்தது.

அதற்குள் ஒருநாள் தனபால் சார் வந்தார். அவரை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். டீக்கடையில் எதையோ கேட்டு, அவர்கள் என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். முப்பத்தைந்து நாற்பது வயதிருக்கும், தூங்காத கண்கள். தலைவலி மாத்திரை கேட்டு வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார்.

"ஆடி மாசத்துல, இந்தச் சரிவுல, நீலப் பிளாஸ்டிக் காகிதம் போத்திக்கிட்டு ஒரு பொம்பளை நின்னாகளா? ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு?"

இருக்கிறாள் என்று சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். சந்தோஷப்பட்டாரா பயந்தாரா என்று சொல்ல முடியாத முகம்.

நடந்ததை அவர் அன்று சொன்னபடியே சொல்கிறேன். மதுரையிலிருந்து மலையைத் தாண்டிக் கொச்சிக்குப் போகும் விமானம். அவர் துணை விமானி. தலைமை விமானி வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கிளம்பியதும், எதிரே வேறொரு விமானம் வருவதால் கொஞ்ச தூரம் தாழ்வாகவே பறக்கும்படி தரையிலிருந்து சொன்னார்கள். அது கடந்தபின் ஏறலாம் என்றும், ஆனால் மலை தொடங்குமுன் இன்ன உயரத்தை எட்டியே தீர வேண்டும் என்றும் உத்தரவு. சரி என்று பதில் சொன்னவர் இவர்தான். அப்போது கதவு ஒன்று சரியாக மூடவில்லை என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இருவரும் குனிந்து அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர் விமானம் கடந்துபோய்விட்டது. ஏறலாம் என்று அனுமதியும் வந்தது. அதற்கும் சரி என்றார்கள். ஏறத் தொடங்கியும்விட்டார்கள், ஆனால் அரைமனதாக, விளக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. அந்த நேரம் முகட்டைத் தாண்டிக் கீழே கொட்டும் காற்றுக்குள் போய் மாட்டினார்கள். ஏறுவதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்த விமானத்தைக் காற்று கீழே அழுத்திக்கொண்டிருந்தது. வெளியே வெறும் வெள்ளை.

"சரின்னு சொன்ன சொல்லு வாயில இருந்துச்சு சிஸ்டர். கையி வேற சோலியில இருந்துச்சு" என்றார். இதை அவர் பிறகும் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தலை நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு நேரே பாறை, பாறைமேல் நீலமாய் ஒரு பெண். இழுத்த இழுப்பில் விமானம் மேலேறித் தப்பியது. பயணிகளுக்கு ஒரு குலுக்கல் மட்டும்தான். தலைமை விமானி உடனே தரைக்குச் சொன்னது, குறித்த உயரத்தை உரிய இடத்திலேயே எட்டிவிட்டோம் என்று. வானத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கும் கருவி அந்தக் காலத்தில் அங்கே இல்லை. அவர்கள் சொன்ன உயரம்தான் உயரம். கொச்சியில் இறங்கிய பிறகு, "நீ பார்த்தது மேகம். பெண் கிண் என்று உளறினால் மனநிலை சரியில்லை என்று பறக்கவிடமாட்டார்கள்" என்று தலைமை விமானி இவரை எச்சரித்திருக்கிறார். சில வாரங்களில் தனபால் சாருக்கே அது மேகம்தானோ என்று ஆகிவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் அந்தப் பெண் நிற்கிறாள். அவள் இருந்தால் நாற்பது பேரைக் கொல்லப் பார்த்தது நிஜம். இல்லையென்றால் தனக்குப் புத்தி பிசகிவிட்டது. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு தடவைகூட விமானத்தில் ஏற முடியாது என்றுதான் வந்திருந்தார்.

பேச்சியம்மாவை வரச் சொன்னேன். வாசலில் நின்றவள் அவரைப் பார்த்ததும் உள்ளே வரவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்த அறையில் நான் இருக்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஒருவரையொருவர் பேயென்று நம்பவைக்கப்பட்ட இரண்டு பேர்.

அவள்தான் முதலில் பேசினாள். "ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தீக. பெறகு நீங்க மட்டும் நிமுந்தீக."

"ஆமாத்தா" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கூப்பிட்டது நீதான?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, இயந்திர இரைச்சலுக்கு நடுவில் குனிந்திருந்தபோது, காதோரம் யாரோ "அப்பு, மேல பாரு" என்று சொன்னார்கள். பதற்றமில்லாத குரல். அதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

பேச்சியம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். "எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. கையைத்தான் தூக்குனேன். நான் சத்தம் போடல" என்றாள்.

ஆண் குரலா பெண் குரலா என்று நான் கேட்டேன். "வீட்டுல எல்லாருமே என்னைய அப்புன்னுதான் கூப்பிடுவாக. யாரு குரல்னு சொல்லத் தெரியல" என்றார். வெளியே பனி வாசல்வரை வந்திருந்தது. தான் இருக்கும்வரை சொல்லக்கூடாது என்று பிறகு அவர் கேட்டுக்கொண்டது இந்தக் குரலைத்தான்.

அன்றே அவர் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் கருப்பையாவின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று, அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "அந்த விமானத்துல இருந்தது நான்தான். உங்க வீட்டம்மா பாத்தது நெசம். தப்பு எங்க மேல" என்றார். கருப்பையா தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோடாங்கி பிறகு வரவில்லை. பேச்சியம்மா அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள் என்று மறுநாள் கருப்பையாவே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தனபால் சார் அதோடு நின்றிருக்கலாம். அவள் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது, புத்தி பிசகவில்லை என்றும் தெரிந்துவிட்டது. தலைமை விமானி ஆகும் முறை அவருக்கு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஆனால் திரும்பிப் போனதும் மேலதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். உயரத்தை எட்டவில்லை, எட்டியதாகப் பொய் சொன்னோம், முகட்டுக்குக் கீழே பறந்தோம். குரலை மட்டும் விட்டுவிட்டார். "அதைச் சொன்னா மத்ததையும் நம்ப மாட்டாக" என்று பிறகு என்னிடம் சொன்னார். தலைமை விமானி எதுவும் ஞாபகமில்லை என்றாராம்.

விசாரிக்க இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் மேலே வந்தார்கள். பேச்சியம்மா முன்னால் நடந்து அந்தப் பாறையைக் காட்டினாள். அன்று வெயில் அடித்தது. பாறையிலிருந்து பார்த்தால் கீழே போடி, வயல்கள், அதற்கப்பால் வெளுத்த வானம். அதிகாரிகளில் ஒருவர் விளிம்புவரை போய்க் கீழே பார்த்தார். விமானம் எந்த மட்டத்தில் வந்தது என்று கேட்டார். பேச்சியம்மா கையை நீட்டி, தன் இடுப்பளவில் காட்டினாள். அவர் அந்த உயரத்தைப் பார்த்தபடியே நின்றார்.

தலைமை விமானி ஓய்வு பெற்றுக்கொண்டார். தனபால் சாரை நெடுநாள் பறக்கவிடாமல் ஒரு மேஜையில் உட்காரவைத்தார்கள். கூடப் படித்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். போடியில் நீங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அப்போதுதான். அவர் மனைவிகூட முதலில் கோபப்பட்டாராம். அந்த வழியில் போகும் விமானங்கள் சமவெளியிலேயே சுற்றி உயரம் ஏறிய பிறகுதான் மலைப்பக்கம் திரும்ப வேண்டும் என்று அதற்குப் பிறகு மாற்றினார்கள். பின்னர் அவரையும் பறக்க அனுமதித்தார்கள், பழைய துணை விமானி இருக்கையில். அந்த இருக்கையிலேயே வருடக்கணக்காக உட்கார்ந்து, கடைசியில் தலைமை விமானியும் ஆனார்.

ஒவ்வொரு மழைக்காலமும் ஒருநாள் மலைக்கு வருவார். பேச்சியம்மாவுக்குச் சேலையோ பலகாரமோ எதுவும் கொண்டுவரமாட்டார். வந்து பாறையில் கொஞ்ச நேரம் நிற்பார், அவளும் வந்து நிற்பாள். என்ன பேசிக்கொள்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பேச என்ன இருக்கு. ஆளு இருக்காகன்னு பாத்துக்கிடுவோம்" என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் நானும் கூடப் போனேன். கடுமையான பனி. வானிலை சரியில்லாததால் அன்று எந்த விமானமும் கிளம்பவில்லை என்று அவரே டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். பாறையில் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். காலுக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்டது.

அதே சத்தம்தான். பள்ளத்துக்குள் தொடங்கி, சரிவோடு சரிவாக ஏறி வந்தது. பேச்சியம்மா அசையவில்லை. தனபால் சார் விளிம்புக்கு நடந்துபோய் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். சத்தம் எங்கள் மட்டத்துக்கு வந்தது. செடியில் ஒரு இலை ஆடவில்லை. மண்ணெண்ணெய் வாடையும் இல்லை. சத்தம் எங்களைத் தாண்டிப் போகவும் இல்லை. வந்த இடத்திலேயே மெல்லத் தேய்ந்து இல்லாமல் போனது. அவர் அதற்குப் பிறகும் கைகளை இறக்கவில்லை. நான்தான் போய்த் தோளைத் தொட்டேன்.

"யாராச்சும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வர்றாகளோ என்னமோ" என்றார். நடுக்கம் எதுவும் இல்லாமல், பஸ்சு வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"வந்துட்டுப் போகட்டும். நாமதான் நிக்கிறோம்ல" என்றாள் பேச்சியம்மா.

பிறகு போடியில் விசாரித்தேன். அன்று எந்த விமானமும் பறக்கவில்லை என்பது உண்மைதான். நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள். காதில் கேட்பதற்கெல்லாம் காரணம் உண்டு என்று படித்தவள். இதற்கு என்னிடம் காரணம் இல்லை. மூன்று பேர் கேட்டோம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அவர் ஊரோடு வந்துவிட்ட பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அடைமழை பெய்த ஒரு மதியம், வழக்கம்போல மலைக்கு வந்தவர், கீழ் லயத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணைத் தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்தார். பேறு ஆனது, குழந்தை அழுதது, தொப்புள் கொடியும் வெட்டியாயிற்று. தையல் போட ஊசியைக் கொதிக்கவைக்கும்போது பம்ப் ஸ்டவ் அணைந்துவிட்டது. நான் அதன் துளையைக் கம்பியால் குத்திப் பார்த்தேன், ஆயா பம்ப் அடித்தாள். எரிவதும் அணைவதுமாக இருந்தது. இருவரும் அதன்மேல் குனிந்திருந்தோம். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் திரைக்கு வெளியே வந்து நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"சிஸ்டர், ரெண்டு பேரும் ஸ்டவ்வைப் பாக்குறீக. அந்தப் பொண்ண யாரு பாக்குறா?"

திரும்பினேன். அவள் உதடு வெளுத்திருந்தது. கட்டிலுக்குக் கீழே ரத்தம் ஓடி வாசல்வரை வந்துகொண்டிருந்தது. முனகக்கூட அவளுக்குத் தெம்பில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நான் பார்த்திருப்பது பிணத்தை. அவள் பிழைத்தாள். இப்போது மூன்று பிள்ளைகள். அடுக்குமல்லி நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு அவரது இறுதி ஊர்வலத்துக்கு வந்திருந்தாள்.

பேச்சியம்மாவும் வந்திருந்தாள். மலையை விட்டு இறங்கி வெகு காலமாகிவிட்டது அவளுக்கு. அழவில்லை, மாரடிக்கவும் இல்லை. தலைமாட்டில் நின்று அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அவர் மனைவி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். உறவுக்காரர்கள் யார் இது என்று கேட்டபோது, "அவுகளுக்கு வேண்டியவுக" என்று மட்டும் சொன்னார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். ஸ்டவ் அணைந்தால், மின்சாரம் போனால், மருந்துக் குப்பி உடைந்தால், முதலில் ஆயாவிடம் அதைத்தான் கேட்கிறேன்: யாரு பாக்குறா? கேட்டுவிட்டு, ஏனென்று தெரியாமல், ஜன்னல் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். வெளியே பனிதான் இருக்கிறது.